ஐந்தாவது முட்டை

"என் மச்சானை வீட்டை விட்டு அனுப்பப் போறேன். ஆனா அவன்தான் பண்ணினான்னு எனக்கு முதல்ல நிச்சயமாத் தெரியணும். சும்மா பழி போடக் கூடாது பாருங்க."

வந்தவர் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பேச முடியவில்லை. ஒரே ஒரு மாடி ஏறி வந்ததற்கு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கொஞ்சம் இருமினார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்காது.

சர்வேயர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். எரிந்துபோன கடைகளையும் தண்ணீரில் மூழ்கிய கிடங்குகளையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பார்வையிட்டு, இது தானாக நடந்ததா, நடத்தப்பட்டதா என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். வேலை போய்ப் பல வருடமாகியும் சர்வேயர் என்ற பெயர் போகவில்லை. அவரோடு இருந்தவள் தங்கை. கணக்கு டீச்சராக இருந்து பாதியில் விலகியவள். வகுப்பில் காப்பியடிப்பவர்களைப் பிடித்துப் பழகிய கை. இப்போது பிடிக்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான் அப்படி என்ன பண்ணினார்?" என்று அவள்தான் கேட்டாள்.

"முட்டையைக் கொல்றான்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். சர்வேயர் முகத்தில் எதையும் காட்டவில்லை.

"எந்த முட்டை? நிதானமா சொல்லுங்க."

வந்தவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மூச்சு முட்டுகிறது என்று வேலையை விட்டுவிட்டார். இத்தனை வருடம் லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் குடித்த தூசியும் கிரீஸும்தான் காரணம் என்றார். வீட்டில் ஒரு ஜோடி காக்டீல் வளர்க்கிறார். தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த சின்னக் கிளிகள்.

"நல்ல ஜோடிங்க. பகல் முழுக்க அப்பன் அடைகாக்கும். சாயங்காலம் அது வெளிய வந்ததும் ராத்திரிக்கு ஆத்தாக்காரி போயி உக்காரும். மனுசனுக்குக்கூட இந்த ஒழுங்கு வராது. ஆனா மூணு தடவை முட்டை போட்டு, மூணு தடவையும் ஒரு குஞ்சுகூடப் பொரிக்கல."

"சில முட்டை அப்படித்தானே?" என்றாள் தங்கை.

"வெறும் முட்டைன்னா சரி. டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். உள்ள சிவப்பா நரம்பு ஓடும், நடுவுல ஒரு புள்ளி துடிக்கும். அந்தத் துடிப்பை என் கண்ணால பார்த்திருக்கேன். மறுநாள் பார்த்தா அத்தனையும் மொத்தமா நின்னு போயிருக்கும். நோவுன்னா ஒண்ணு போகும், ரெண்டு போகும். எல்லாம் ஒரே நாள்லயா சாகும்?"

"உடைச்சுப் பார்த்தீங்களா?"

"மனசு வரல. பூந்தொட்டியில புதைச்சிட்டேன். இப்ப மூணாவது தடவை போட்டது இன்னும் பெட்டியிலதான் இருக்கு. பாவம், அதுக ரெண்டும் மாத்தி மாத்தி உக்காந்துட்டிருக்கு."

சர்வேயர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மெக்கானிக் பகல் முழுக்கப் பறவை அறையிலேயே இருப்பார். இரவும் அங்கேதான் கட்டில். சாயங்காலம் மட்டும் தீவனக் கிண்ணத்தையும் கூண்டுத் தட்டுகளையும் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போவார்.

"அதுவும் மச்சான் குளிச்சு, டூட்டிக்குக் கிளம்பினப்புறம்தான். என் சம்சாரத்தோட தம்பி அவன், ராத்திரி வாட்ச்மேன் வேலை. குழாயடியைப் பிடிச்சான்னா லேசில விட மாட்டான்."

"அவர்மேல ஏன் சந்தேகம்?"

"பகல்ல தூங்கறவன். பறவை விசிலடிச்சா எரிஞ்சு விழுவான். எல்லா முட்டையையும் ஆம்லெட் போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னு அவன் வாயாலயே சொன்னான்." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டுல வேற யாரு இருக்கா? என் சம்சாரம் அந்த அறைக்குள்ள காலே வைக்க மாட்டா. அலகைப் பார்த்தாலே பயம். பிள்ளைகுட்டி கிடையாது."

"இடையில பறவைகளை விட்டு எங்கயாவது போனீங்களா?"

"எங்க அக்கா மகள் கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் போனேன். அப்ப முட்டை கிடையாது. அக்கா வீட்டுக் காத்துக்கு இருமல்கூட நின்னுது. பறவை நினைப்புதான் நிக்கல."

எழுந்திருக்கும்போது மறுபடி நாற்காலியைப் பிடித்தார். "ஒரு குஞ்சு போதும் எனக்கு. ஒண்ணே ஒண்ணு. அதுக்குமேல காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லைங்க" என்றார். அதை அவர் சொன்ன விதம் தங்கைக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

மறுநாள் மதியம் போனார்கள். இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் மெக்கானிக்கின் மனைவி முழங்காலிட்டு ஈரத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பம் மூலையில் புதிதாக, ஒரு குச்சிகூடத் தேயாமல் இருந்தது. பறவை அறையின் வாசலில், கதவுக்கடியில் இருக்கும் இடுக்கை அடைத்து ஒரு நனைந்த துண்டு கிடந்தது. சர்வேயர் குனிந்து அதை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே கூண்டு, கட்டில், ஜன்னல் கம்பி, மின்விசிறி எல்லாவற்றின் மேலும் முகப்பவுடர் கொட்டியது போல் வெள்ளையாகப் படிந்திருந்தது. தங்கை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"இறகுலேர்ந்து உதிர்றதுதான். இந்த ஜாதிக்கு அது கொஞ்சம் அதிகம்" என்றார் மெக்கானிக், பிள்ளையின் குறும்பைச் சொல்கிற மாதிரி.

கூண்டின் பக்கவாட்டில் மரப்பெட்டி மாட்டியிருந்தது. அதன் வட்ட ஓட்டை அறை வாசலைப் பார்த்திருந்தது. தங்கை எட்டிப் பார்க்கப் போனாள். உள்ளேயிருந்து ஆண்பறவை உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பாம்புபோலச் சீறியது. அவள் பின்னால் வந்த வேகத்தில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைத் தவிர யாரையும் அண்ட விடாது" என்றார் மெக்கானிக் பெருமையாக. பறவையை விரலில் ஏற்றி வெளியே எடுத்துவிட்டு, முட்டைகளைக் காட்டினார். மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றிலும் நீல ஸ்கெட்ச் பேனாவால், போட்ட வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று புள்ளிகள் வைத்திருந்தார். நான்கு முட்டைகளில் புள்ளி கலங்கி, வெளிறி, சுற்றிலும் நீலக் கறையாகப் பரவியிருந்தது. ஐந்தாவதில் ஐந்து புள்ளியும் இப்போதுதான் வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தன.

"மை ஏன் இப்படி ஆச்சு?"

"ஆத்தாக்காரி குளிச்சிட்டு ஈர வயித்தோட வந்து உக்காரும். அதுல கரைஞ்சிருக்கும்."

"அஞ்சாவது மேலயும் அதே வயிறுதானே உக்காருது?"

மெக்கானிக் அதை யோசித்திருக்கவில்லை. "அது வெறும் முட்டைங்க. நரம்பே ஓடல. நாலு நல்லது, அஞ்சாவது சொத்தைன்னு அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போதே வீட்டுல சொன்னேன். மறுநாள் சாயங்காலம் நாலும் செத்துப் போச்சு."

"வெளிய யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார் கேக்கறாங்க இதெல்லாம்?"

மெக்கானிக் பறவையைப் பெட்டிக்குள் விட்டார். அந்த நேரம் அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். அறைக்குள் வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்று தட்டை மட்டும் நீட்டினாள். பெட்டியின் ஓட்டையில் ஆண்பறவையின் தலை தெரிந்தது. சீறவில்லை. கொண்டையை மடக்கி, தலையை நன்றாகக் கவிழ்த்து, பிடரியைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

"ஏன் தலையைக் குனியுது?" என்று சர்வேயர் கேட்டார்.

"சொறிஞ்சு விடச் சொல்லுது. என்னைத்தான்" என்றார் மெக்கானிக். அவர் நின்றிருந்தது பெட்டிக்குப் பின்னால்.

டீ டம்ளரை வாங்கிய அவருடைய விரல்களைச் சர்வேயர் பார்த்தார். நகங்கள் உருண்டு, விரல் நுனிகள் உப்பியிருந்தன. அதன் பிறகு சர்வேயர் தன் டீயைக் குடிக்கவில்லை.

தெருமுனைக்கு வந்ததும் தங்கை ஆரம்பித்தாள். "அண்ணே, மச்சான்தான். வாய்தவறி உண்மையைச் சொல்லிட்டான்."

"கொலை பண்ணப் போறவன் ஆம்லெட்னு அறிவிப்புக் கொடுப்பானா?"

"சரி, அப்ப கிளிக்கடைக்காரன். இந்த ஜோடியைக் குடுங்கன்னு ரெண்டு தடவை வந்து கேட்டிருக்கான், கூடத்துல அந்தம்மா சொன்னாங்க. குஞ்சு வரலன்னா இவரு சலிச்சுப்போய் வித்துருவாருன்னு..."

"கடைசியில சொன்னியே, அது மட்டும் சரி" என்றார் சர்வேயர். வழக்கமாகப் புதிர் அவிழ்ந்த நாளில் அவர் தங்கைக்குத் தெருவிலேயே பாதி வகுப்பு எடுத்துவிடுவார். அன்று கடை வாசலில் நின்று, எதையும் வாங்காமல் வெகுநேரம் சோப்புப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் மச்சானை வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்று மெக்கானிக் ஒரே பிடிவாதமாக இருந்தார். எல்லோரையும் உட்காரவைத்து அவிழ்ப்பதில் சர்வேயருக்கும் ஒரு பழைய ஆசை உண்டு. ஆசை யாரை விட்டது. மறுநாள் சாயங்காலம், மச்சான் டூட்டிக்குக் கிளம்பும் முன், கூடத்தில் நான்கு நாற்காலி போட்டார்கள். மனைவி உட்காராமல் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

சர்வேயர் மேசைமேல் இரண்டு முட்டைகளை வைத்தார். ஐந்து புள்ளி வைத்ததை எடுத்துச் சுழற்றினார். அது தள்ளாடி, இரண்டு சுற்றுக்குள் படுத்துவிட்டது. ஒரு புள்ளி வைத்ததைச் சுழற்றினார். அது நிமிர்ந்து, பம்பரம்போல் நின்று சுற்றியது.

தங்கைக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அவிச்சது" என்றாள்.

"ஆமா. வெந்நீர்ல போட்டு எடுத்து, துடைச்சு, திரும்பப் பெட்டியில வெச்சிருக்காங்க. அதான் புள்ளி கலங்கியிருக்கு. உயிர் இருந்த நாலை மட்டும் அவிச்சிருக்காங்க. அஞ்சாவது சொத்தைன்னு தெரிஞ்சவங்கதான் அதைத் தொடாம விட்டிருக்க முடியும். அது இந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்துல சொன்ன விஷயம். கடைக்காரருக்குத் தெரியாது."

"அதானே சொல்றேன்" என்று மெக்கானிக் மச்சான் பக்கம் திரும்பினார். "உனக்குச் சோறு போட்டதுக்கு..."

"மாமா, நான் தொடவே இல்ல. அதைப் பார்த்தா எனக்கு..."

"அவர் இல்லை" என்றார் சர்வேயர். "நீங்க அந்த அறையை விட்டு வெளிய வர்றது குழாயடிக்குப் போகும்போது மட்டும். குழாயடி உங்களுக்குக் கிடைக்கறதே இவர் வேலைக்குப் போனப்புறம்தான். அந்த நேரத்துல இவர் வீட்டுலயே கிடையாது."

மச்சான் பெருமூச்சு விட்டார். "அப்ப நான் இல்லல்ல?" என்று யாரையோ கேட்டார். மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள் என்பது அவருக்கும் அப்போது உறைத்தது. அக்காவைப் பார்த்தார்.

"அவ உள்ள வரவே மாட்டாளே" என்றார் மெக்கானிக்.

"பழகாதவங்களுக்கு அது பிடரியைக் காட்டாதுங்க. நேத்து நீங்க பெட்டிக்குப் பின்னால நின்னீங்க. அது குனிஞ்சது வாசல்ல நின்னவங்களைப் பார்த்து. தினமும் சாயங்காலம் அது வெளிய வர்ற நேரம், ஒரு கை சொறிஞ்சு விட்டுப் பழக்கியிருக்கு. இன்னொரு கை முட்டையை எடுத்திருக்கு."

அவள் மறுக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்?" என்றார் மெக்கானிக். கோபம் வரவில்லை அவருக்கு. நம்ப முடியாத முகம்தான் இருந்தது.

சர்வேயர் அவளுக்காகப் பேசினார். "புறா வளர்த்த ஒருத்தரோட இன்ஷூரன்ஸ் விஷயம் ஒரு தடவை என்கிட்ட வந்தது. இறகுத் தூசி நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக் கெட்டியாக்கிடும். அவருக்கும் நகம் இப்படித்தான் உருண்டிருந்தது. அவருக்கும் ஊருக்குப் போனா இருமல் நின்னுடும். உங்க வீட்டுல துடைப்பம் தரையைத் தொடறதில்லை. தூசி பறக்கும்னு ஈரத் துணி. கதவுக்கடியில ஈரத் துண்டு. இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"உங்க எக்ஸ்ரேயை எடுத்துக்கிட்டு வேற ஒரு டாக்டரைப் பார்த்தேன்" என்றாள் அவள். தரையைப் பார்த்தே பேசினாள். "அவர் கேட்டது ஒரே கேள்வி. வீட்டுல பறவை இருக்கான்னு. உடனே வெளிய அனுப்புங்கன்னு சொன்னாரு. சொல்லணும்னுதான் ஓடி வந்தேன். வந்தா நீங்க முதல் முட்டையை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறீங்க. வேலை போனதுலேர்ந்து அப்படி நீங்க சிரிச்சு நான் பார்க்கல. எப்படிங்க சொல்றது? குஞ்சு வரலன்னா அலுத்துப் போயி நீங்களே குடுத்துடுவீங்கன்னு நினைச்சேன். நான் பிடுங்கின மாதிரி இருக்காதுன்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் தண்ணி கொதிக்கறப்போ அடுப்பைப் பார்க்காம திரும்பி நின்னுப்பேன்."

உள்ளே ஆண்பறவை பெட்டியை விட்டு இறங்கிக் கிண்ணத்தைக் கொத்துவது கேட்டது.

"எனக்குத் தெரியும்" என்றார் மெக்கானிக்.

அவள் நிமிர்ந்தாள்.

"பறவைதான்னு எனக்குத் தெரியும். உனக்கு முன்னாடியே டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாரு. உன்கிட்ட சொன்னா நீ அழுவே, அன்னிக்கே ஜோடியை அனுப்பச் சொல்லுவே. அதான் லிஃப்ட் தூசின்னு சொல்லி வெச்சேன்." மூச்சுக்காக நிறுத்தினார். "எப்படியும் உனக்கு முன்னாடி நான் போயிடுவேன், எனக்கு அப்புறம் நீ தனியா இருக்கணும்ல. உன் தம்பி ராத்திரி எல்லாம் வேலைக்குப் போயிடுவான். வீட்டுல உன்னைக் கூப்பிட ஒரு சத்தம் வேணும்னு நினைச்சேன். பெருசு கடிக்கும், உனக்குப் பயம். கண்ணு திறந்ததுலேர்ந்தே கையில வெச்சு ஊட்டின குஞ்சு கடிக்காது. தோள்லயே உக்காந்திருக்கும். ஒண்ணே ஒண்ணு வளர்த்து, உன் அறையில வெச்சுக்கன்னு உன் கையில குடுத்துட்டு, ஜோடியை மறுநாளே கடைக்காரருக்குக் குடுத்துடலாம்னு இருந்தேன். அவர்கிட்ட வாக்குக்கூடக் கொடுத்தாச்சு. முதல் தடவை வரல. சரி, அடுத்த தடவை. அதுவும் வரல. அப்படியே இழுத்துக்கிட்டே..."

பாதியில் அவருக்கே புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது.

தங்கை கணக்கு டீச்சர். அவளுக்குக் கணக்கு முந்திக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவை முட்டை அவிந்தபோதும் இந்த மனிதர் அந்தத் தூசிக்குள் இன்னும் சில மாதம் படுத்திருக்கிறார். அவள் அண்ணனின் கையைப் பிடித்தாள். போதும், எழுந்து போகலாம் என்பதுபோல் இழுத்தாள்.

"இப்ப டாக்டர் என்ன சொல்றாரு?" என்று மனைவி கேட்டாள்.

"விடு."

"என்ன சொல்றாரு?"

"இனிமே பறவை இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னாரு. போன மாசம்."

மச்சான் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போகவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டு அவிழ்த்தார்.

"முதல் தடவை நான் விட்டிருந்தா குஞ்சு வந்திருக்கும்" என்றாள் அவள். மிகவும் மெதுவாக, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்போல் சொன்னாள். "வந்திருந்தா ஜோடியை அப்பவே குடுத்திருப்பீங்க."

மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டினார். ஆம் என்றா, இல்லை என்றா என்று அதில் தெரியவில்லை. அவள் அவரிடம் அதற்குமேல் கேட்கவில்லை. சர்வேயரிடம் திரும்பினாள்.

"ஐயா, நீங்க அந்தப் புறாக்காரர் விஷயத்தைப் பார்த்தவர். இந்தச் சின்ன முட்டையிலேர்ந்து எல்லாத்தையும் கண்டுபிடிச்சீங்க. இதையும் சொல்லுங்க. முதல் தடவையே இதுக இந்த வீட்டை விட்டுப் போயிருந்தா, இவரு பிழைச்சிருப்பாரா?"

சர்வேயருக்கு அந்தப் புறாக்காரர் நன்றாக நினைவிருந்தது. அவர் ஆரம்பத்திலேயே புறாக்களைக் கொடுத்துவிட்டவர். இப்போதும் காலையில் பூங்காவில் நடக்கிறார். போன வாரம்கூடச் சர்வேயரைப் பார்த்துக் கையசைத்தார்.

"இல்லம்மா" என்றார் சர்வேயர். "அப்பவே முத்திப் போச்சு. நீங்க என்ன செஞ்சிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்."

தங்கைக்கு நினைவு தெரிந்து அண்ணன் சொன்ன முதல் பொய் அது. சரியாகச் சொல்லவும் வரவில்லை. சொல்லும்போது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் சிறிது நேரம் அவரையே பார்த்தாள். பிறகு, "ரொம்ப நல்லவருங்க நீங்க" என்றாள்.